நாற்பத்தோராம் தலைமுறை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் இதைப் படிக்காமல் விடுவது நல்லது. இது பட்டப்பகலில் நடந்தது. 1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு பெயிண்ட் கடையின் மாடியில். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

பாலனும் அவன் கூட்டாளி முரளிதரனும் அங்கே கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தார்கள். கதாநாயகியின் முகத்தை ஆடுகிறவரே வளர்த்தெடுக்கலாம். திரையில் ஒன்பது முகங்கள் வரும். பிடித்த இரண்டின் எண்களைத் தட்டினால், கம்ப்யூட்டர் அவற்றைக் கலந்து, கொஞ்சம் மாற்றி, ஒன்பது புது முகங்களைப் பெற்றுத் தரும். அது அடுத்த தலைமுறை. இப்படியே போனால் அவரவர் ரசனைக்கு ஒரு முகம் கிடைக்க வேண்டும்.

படம் வரைய ஆள் இல்லை. அதனால் முதல் ஒன்பது முகங்களுக்குத் தன் வீட்டு ஆல்பத்தையே ஸ்கேன் செய்திருந்தான் பாலன். அம்மா, அப்பா, அத்தை, சித்தி... தங்கை மனிஷாவை மட்டும் சேர்க்க மனம் வரவில்லை. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்கு என்று கிளம்பியவள் நான்கு மாதமாகத் திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. அம்மா இன்னும் வாசல் கதவுக்குத் தாழ் போடுவதில்லை.

11.20. முரளி எண்களைத் தட்டிக்கொண்டே போனான். பதினெட்டாம் தலைமுறையில் ஒன்பது கட்டத்திலும் மனிஷா.

"யாருடா இது? உங்க வீட்டு ஜாடை அப்படியே இருக்கு."

முரளி அவளைப் பார்த்ததே இல்லை.

அம்மா கண்ணும் அப்பா மோவாயும் சேர்ந்தால் தங்கை முகம்தானே வரும் என்று பாலன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். முகத்துக்குப் பின்னால் மூன்று நீலக் கோடுகள் தெரிந்தன. அழுக்கு என்று திரையைத் துணியால் துடைத்தான். போகவில்லை. ஸ்கேனர் கோளாறு என்று விட்டுவிட்டான்.

12.05. முதலிலிருந்து ஆரம்பித்து, பெருக்க வந்த லிங்கம்மாவைத் தட்டச் சொன்னான்.

மறுபடியும் மனிஷா.

"இந்தப் பொண்ணு ஏன் சார் நனைஞ்சிருக்கா?"

கூந்தல் நெற்றியில் ஒட்டியிருந்தது... ஆல்பத்தில் ஒருவர் தலைகூட ஈரமில்லை. பின்னால் கோடுகள் இல்லை. கறுப்பு.

12.30. பாலனே உட்கார்ந்தான். தலைமுறைக்குத் தலைமுறை அவள் கண்கள் சொருகிக்கொண்டே வந்தன. திறந்த கண்களாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினான். அடுத்த தலைமுறையில் அவையும் சொருகின.

ஆறு முகங்களில் கண் திறந்திருந்தது...

மூன்று...

12.58. நாற்பதாம் தலைமுறை. கடைசிக் கட்டத்தில் ஒன்றே ஒன்று.

பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதையே இரண்டு முறை தட்டினான்.

1.10.

ஒன்பதும் மூடியிருந்தன.

4.45. போன் அடித்தது. கந்தசாமி மாமா, கொள்ளேகாலிலிருந்து.

"பாலா, கெளம்பி வா சாமி. மனிஷா கெடச்சுட்டா."

"உசுரோடவா மாமா?"

கௌதள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. அங்கே எப்படிப் போனாள்? இன்றுவரை யாருக்கும் தெரியாது. நகக்கண்ணெல்லாம் பாசி. ஒரு மணி நேரமாவது கல்லைப் பிடித்துத் தொங்கியிருப்பாள் என்றார் டாக்டர். உயிர் போனது அன்று பகல் ஒரு மணிக்கு மேல்.

கிணற்றை ஒட்டி ஒரு மோட்டார் ரூம். அதன் வெள்ளைச் சுவரில் மூன்று நீலக் கோடுகள்.

பாலன் அருகே போனான். உள்ளங்கையால் ஒரு முறை துடைத்துப் பார்த்தான்.

போகவில்லை.