பதவி உயர்வு கேட்டு ஈலிங் கொமனுக்கு ஒரு பயணம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கடற்கரைகளையும் மலிவான ரயில் டிக்கெட்டுகளையும் பற்றித்தான் எழுதுவேன். இம்முறை சம்பளம். சென்ற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நான் வசிக்கும் கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) என்ற ஊரிலிருந்து ஈலிங் கொமன் வரை லண்டனைக் குறுக்காகக் கடந்து, எங்கள் அலுவலகத்தில் பதவி உயர்வுகளைக் கவனிக்கும் ஆளணி மேலாளரைப் பார்க்கப் போனேன். ஜப்பானிய நிறுவனங்களில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இது உதவலாம்.

லண்டனின் வணிக மையமான சிட்டியில் ஒரு ஜப்பானிய வணிக நிறுவனத்தின் கிளையில், சரக்குப் பிரிவில், பதினொரு வருடமாக இருக்கிறேன். அங்கே இரண்டு விதமான ஊழியர்கள். டோக்கியோவிலிருந்து வருபவர்கள் படிப்பு முடித்த கையோடு சேர்ந்தவர்கள். வயதோடும் சேவைக்காலத்தோடும் சம்பளம் ஏறும், ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே பதவி உயர்வார்கள். லண்டனில் சேர்ந்த எங்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. துணை மேலாளருக்கு மேலே கதவு பூட்டு. மூன்று தடவை டோக்கியோவிலிருந்து வந்த இளைஞர்களுக்கு நான் வேலை பழக்கினேன். மூவரும் என் மேலாளர்களானார்கள். கடைசி ஆள் திரும்பிப் போனதிலிருந்து பிரிவை நடத்துவது நான்தான். மேலாளர் நாற்காலி மட்டும் காலி. அடுத்து வந்த புதன்கிழமைக் கூட்டத்தில் அதற்கு ஆள் தெரிவு என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை என் அண்ணை தன் வேனில் என்னைப் பார்க்கிங் நிலையத்தில் இறக்கினார். பிரான்சிலிருந்து வந்து இங்கே குழாய் வேலை செய்கிறவர்.

"சம்பளம் ஒழுங்கா வருதுதானே, உனக்கேன் இந்தச் சண்டை?" என்றார்.

"வருது அண்ணை. ஆனா நான் பழக்கிற ஆளுக்குக் கீழே இன்னொருக்கா இருக்க ஏலாது."

நான் இறங்கும்போது, "அப்ப விடாத" என்றார்.

டிஸ்ட்ரிக்ட் லைன் பாதாள ரயிலில் மாறாமலே போகலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ரயிலின் முகப்பில் ஈலிங் புரோட்வே என்று இருக்கிறதா என்று பாருங்கள், ரிச்மண்ட் ரயிலில் ஏறினால் இடையில் மாற வேண்டிவரும். வார இறுதியில் பாதை திருத்தமும் நடக்கும், முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

நிலையத்திலிருந்து வெஸ்ட் அக்டன் பக்கம் பதினைந்து நிமிட நடை. ஜப்பானியக் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். ஆளணி மேலாளர் மொரிதா சான் ('சான்' என்பது அவர்களின் மரியாதைச் சொல்) ஒரு சிறிய நூடுல்ஸ் கடையில் காத்திருந்தார். ஒரு கிண்ணம் பதினான்கு பவுண், தேநீர் இலவசம்.

காலியான மேலாளர் பதவியை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். லண்டனை நான் தெரிவு செய்யவில்லை, இடமாற்ற உத்தரவு வந்தது, வந்தேன் என்றார். நாற்பது வயது வரை தன்னோடு சேர்ந்தவர்களில் கெட்டிக்காரனுக்கும் சோம்பேறிக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்தானாம். அதைத் தாங்கியவர்களுக்குத்தான் மேலாளர் பதவி என்பது அவர் நியாயம். உங்களுக்கு ஐந்து மணிக்கு வீடு இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்றார்.

"பதினொரு வருடத்தில் ஒருநாளாவது நான் ஐந்து மணிக்குப் போனதைக் கண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

என் கோப்பையில் தேநீர் ஊற்றினார். பிறகு, "அது கடினம்" என்றார். அவர்கள் வாயில் கடினம் என்றால் இல்லை என்று அர்த்தம். புதன்கிழமைக் கூட்டம் முடிவெடுக்க அல்ல என்றும் சொன்னார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி எல்லாம் முடிந்துவிட்டது. டோக்கியோவில் ஒருவருக்கு இடமாற்ற உத்தரவும் தயாராம். என்னிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

"கூட்டத்தில் ஒருவர் சம்மதமில்லை என்றால்?"

"இதுவரை யாரும் சொன்னதில்லை."

திரும்பும் ரயிலில் எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனால் வீட்டுக் கடன் என்னாகும் என்று யோசித்தேன். ஆனால் ஸ்டெப்னி கிரீன் வரும்போது பயம் போய்க் கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது.

புதன்கிழமை கிளைத் தலைவர் டோக்கியோவிலிருந்து வரவிருந்த இளைஞரின் பெயரை வாசித்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் எழுந்து, எனக்குச் சம்மதமில்லை, இந்தப் பிரிவை நடத்துவது நான், அதற்கான பதவியும் சம்பளமும் எனக்குத்தான் வேண்டும் என்றேன். மொரிதா சான் மேசையைப் பார்த்தார். தலைவர் கையிலிருந்த கோப்பினை மூடி, இன்னொரு நாள் பார்ப்போம் என்றார்.

அதன் பிறகுதான் மேலாளர்கள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்தார்கள். முதலில் பிரிவின் 'பிரதித் தலைவர்' என்ற பட்டத்தை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். மறுத்தேன். பிறகு மேலாளர் பதவி, பழைய சம்பளத்தில். அதையும் மறுத்தேன். ஏப்ரலில் இரண்டும் கிடைத்தன. டோக்கியோ இளைஞரும் வந்தார், எனக்குக் கீழே.

நீங்களும் கேட்கப் போவதென்றால் கூட்டத்துக்கு முன்பே ஆளணி மேலாளரிடம் போங்கள். கூட்டத்தில் முதன்முதலாக வாய் திறந்தால் யாருக்கும் விளங்காது. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கோடை, குளிர்கால போனஸைக் காட்டிச் சமாதானம் சொல்வார்கள், அடிப்படைச் சம்பளத்தைப் பற்றியே பேசுங்கள். சம்பளமில்லாத பட்டத்தை வாங்காதீர்கள். ஒரு மேலாளர் என்னை நன்றி கெட்டவள் என்றாராம். இருக்கட்டும். அந்த இளைஞருக்கு வீட்டு வாடகையை நிறுவனம் கட்டுகிறது, எனக்கு இல்லை. அதையும் கேட்கத்தான் போகிறேன்.