இலவச அனுமதிக்கு ஆன செலவு

அலுவலகத்தில் அவளுக்கு மியூட் என்று பெயர். வீடியோ கூட்டங்களில் மைக்கை அணைத்தே வைத்திருப்பாள். யாராவது கேள்வி கேட்டால், பொத்தானைத் தேடி அழுத்தி அவள் வாயைத் திறப்பதற்குள் வேறொருவர் பதில் சொல்லி முடித்திருப்பார். பெயர் வைத்தவர் டீம் லீட். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வாயில்லாப் பூச்சியிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பது ஒருவகையில் வசதிதான்.

அப்பேர்ப்பட்டவள் மென்பொருள்காரர்கள் கூடும் மாநாட்டில் மேடையேறினாள் என்றால் அதற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல, கஞ்சத்தனம்.

அந்த மாநாட்டுக்குப் போய்வர அவளுக்கு நெடுநாள் ஆசை. நுழைவுக் கட்டணமோ வீட்டு வாடகையைத் தாண்டி நின்றது. மென்று விழுங்கி டீம் லீடிடம் கேட்டாள்.

"அதுக்கெல்லாம் கம்பெனில பட்ஜெட் இல்லம்மா. எல்லாத்தையும் அப்புறம் யூடியூப்ல போடுவாங்க. வீட்டுலயே உக்காந்து ஒன்றரை மடங்கு வேகத்துல பாத்துக்கலாம். டீயும் வீட்டுலயே போட்டுக்கலாம்."

"சரி சார்" என்றாள். அவளுடைய வாக்குவாதங்கள் எல்லாம் இந்த இரண்டு சொல்லில் முடிந்துவிடும்.

அன்று மாலை மாநாட்டின் இணையப் பக்கத்தைத் துழாவியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. பேச்சாளர்களுக்கு அனுமதி இலவசம். உடனே விண்ணப்பித்தாள். இலவசம் என்பது மண்டையில் ஏறிய அளவுக்கு, பேச வேண்டும் என்பது ஏறவில்லை. நிபந்தனைகளைப் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துவது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் தீராத வியாதி.

தலைப்புக்குப் பஞ்சமில்லை. எழுதிய கணினி நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சோதனைகள் வைத்திருப்பார்கள். நிரலில் எதையும் மாற்றாமலே அவற்றில் சில காலையில் தேறும், மதியம் தோற்கும். தோற்றால் எல்லோரும் மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள்; தேறினால் அத்தோடு தலைமுழுகிவிடுவார்கள். மறுபடி ஓட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள் என்பது அவள் கட்சி. அதையே எழுதி அனுப்பினாள். தேர்வாகிவிட்டது.

அக்காவிடம் சொன்னாள். அக்காவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு ஓர் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. நாள் தவறாமல் ஒரு வெள்ளைக் கோட்டு துவைத்தாக வேண்டும். வீட்டில் இருந்த வாஷிங் மெஷினோ கோட்டைத் துவைத்து, அலசி, பிழியப் போகும் நேரத்தில் வயிறு நிறையத் தண்ணீரோடு அப்படியே நின்றுவிடும். அணைத்துப் போட்டு விலாவில் இரண்டு தட்டு தட்டினால் சில நாள் சுற்றும், சில நாள் சுற்றாது. புதிதாக ஒன்று வாங்க இருவரும் சேர்த்த பணம் தங்கையின் கணக்கில் இருந்தது.

"நீ மேடையில பேசப் போறியா? ஹவுஸ் ஓனர் கதவத் தட்டினாலே ரூமுக்குள்ள ஓடுவ."

"அனுமதி ஃப்ரீ, அக்கா."

"சரி, போய்ட்டு வா. மெஷின் காசுல மட்டும் கை வெக்காத."

"ஒத்தக் காசு தொடமாட்டேன்."

தொடாமல் இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் மாநாடு நடந்தது வேறு ஊரில். தேர்வான சேதி வருவதற்குள் ரயில் டிக்கெட் தீர்ந்து விமானத்தில் போக வேண்டியதாயிற்று. பேச்சாளர்கள் முந்தைய நாளே ஒத்திகைக்கு வர வேண்டும் என்றார்கள். விடுதியில் கூடுதலாக ஒரு நாள். அலுவலகம் அதைச் சம்பளமில்லாத விடுப்பாக்கியது. மேடைக்குப் போட்டுக்கொள்ள இருந்த ஒரே நல்ல செருப்பு வார் அறுந்து, புதிது வாங்க வேண்டி வந்தது. திரையோடு லேப்டாப்பை இணைக்க ஒரு கனெக்டரும் வாங்கினாள். நுழைவுக் கட்டணத்தைக் கட்டிப் பார்வையாளராகப் போயிருந்தால் ஒரே நாளில் திரும்பியிருக்கலாம், செலவும் குறைந்திருக்கும் என்பது விடுதிக் கட்டிலில் படுத்தபோதுதான் உறைத்தது. மெஷின் பணம் அநேகமாகக் கரைந்திருந்தது. அக்கா கோட்டைக் கையால் பிழியும் காட்சி கண்முன் வந்து வந்து போயிற்று.

ஒத்திகையில் மேடையில் எங்கே நிற்பது என்பதை மட்டுந்தான் காட்டினார்கள். பேச வேண்டிய நேரம் வந்தபோது அந்தக் கனெக்டர் பொருந்தவில்லை. லேப்டாப் பக்கத்து முனையைப் பார்த்துப் பார்த்து வாங்கியவள் மறுமுனையைப் பார்க்கவே இல்லை. திரை கறுப்பாக இருந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் திரையில் வரப்போகும் படங்களோடு பிணைந்திருந்ததால் அதுவும் போயிற்று. சின்ன அறைதான், பாதி நாற்காலிகளில்தான் ஆள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். இங்கே அணைப்பதற்கு ஒரு பொத்தான்கூட இல்லை.

"எங்க வீட்டுல ஒரு வாஷிங் மெஷின் இருக்கு" என்றாள்.

ஏன் அப்படி ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மெஷின் நிற்பதை, தட்டுவதை, சுற்றினால் சாமி கும்பிடாத குறையாக நகர்ந்துவிடுவதைச் சொன்னாள். நாமும் நம் சோதனைகளை இப்படித்தான் தட்டுகிறோம் என்றாள். சிரித்தார்கள். குரல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மறுபடி ஓட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள் என்று கையை வேறு ஆட்டினாள்.

கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கை உயர்ந்தது. கடைசி வரிசையில் குட்டை முடி வைத்த ஒரு பெண்.

"மெஷினுக்குக் கீழ முன்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்குமே. அதுக்குள்ளதான் ஃபில்டர். தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"எத்தன நாளா தட்டுறீங்க?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"காரணத்தத் தேடச் சொன்னது எங்களுக்கு மட்டுந்தானா?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள், வேறு வழியில்லை.

வீடு திரும்பியபோது அக்கா குளியலறை வாசலில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். இவள் பையைக்கூட இறக்காமல் மெஷின் முன்னால் குந்தி, மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததைத் திருகினாள். அழுக்குத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பஞ்சு, தலைமுடி, ஒரு ஹேர்ப்பின், அக்காவின் கோட்டுப் பொத்தான் ஒன்று. எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு ஓட்டினாள். தண்ணீர் கடகடவென்று இறங்க, மெஷின் நிற்காமல் சுற்றியது.

"இத யார் சொன்னா?" என்றாள் அக்கா.

"மாநாட்டுல. அக்கா, மெஷின் காசு செலவாயிடுச்சு."

"எவ்வளவு?"

சொன்னாள்.

"ரிப்பேர்காரன கூப்பிட்டிருந்தா இதுல பத்துல ஒரு பங்குகூட கேட்டிருக்க மாட்டானேடி."

"தெரியும்."

"தரையத் தொடச்சு விடு. காசு மறுபடி சேர்ற வரைக்கும் கோட்டு துவைக்கிறதும் காயப்போடுறதும் நீதான்."

"சரிக்கா." துணியை எடுத்துக்கொண்டு குனிந்தவள், தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அடுத்த வருஷமும் பேச வரச் சொல்லியிருக்காங்க. அனுமதி ஃப்ரீ."

அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"போறதுக்கு முன்னாடி நம்ம ஃபிரிட்ஜ் என்ன சத்தம் போடுதுன்னு நல்லாக் கேட்டுட்டுப் போ."