வியாழன் மாலை 5.22

நம்பாதவர்கள் விவேக் நகருக்கு வந்து பார்க்கலாம். மணி காட்டும் அந்தத் திரை இன்னும் என் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் இது எனக்கே நடந்தது... அதுவும் இருட்டுவதற்கு முன்பே.

என் மனைவி ஆஞ்சலா சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டியே வைத்திருப்பாள். வியாழக்கிழமை சர்ச்சில் ஐந்தரை மணி நவநாள் பூசைக்குத் தாமதமாகக் கூடாதாம். வேடிக்கை என்னவென்றால், மணி பார்க்கும்போது அவளே மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும். போன வருஷம் ஜூனில் ஒரு வியாழன் காலை, அவளிடம் சொல்லாமல் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருத்தி வைத்தேன்.

அன்று மாலையும் அவள் பத்தைக் கழித்தாள். 5.12தான் ஆகிறது என்று நினைத்து, சாவகாசமாக 5.22க்குப் படி இறங்கினாள். பாதி வழியில் கோயில் மணி கேட்டதும் ரோட்டைக் கடக்க ஓடியிருக்கிறாள். ஒரு வேன்... ஆஸ்பத்திரி போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

கடிகாரத்தைத் திருத்தியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட.

அந்தக் கடிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் பேச ஆள் இல்லை. பொழுது போகாமல், கையகலத்தில் ஒரு டிஜிட்டல் திரை செய்தேன். மணியும் வெளி வெப்பமும் இன்டர்நெட்டிலிருந்து வரும். வீட்டுக்குள் வெப்பத்துக்கு ஒரு சென்சார். என்னோடு வேலை செய்யும் தினேஷ் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தான். மணியை முன்னும் பின்னும் தள்ள இரண்டு பட்டனும் தந்தான். நான் பொருத்தவில்லை. இனி இந்த வீட்டில் யாரும் நேரத்தில் கை வைக்க வேண்டாம் என்று பாக்கெட்டோடு டிராயரில் போட்டேன்.

முதல் வியாழன் மாலை, திரை பத்து நிமிடம் முந்தியது. நெட் கோளாறு என்று ஆஃப் செய்து போட்டேன். அடுத்த வியாழனும் அப்படியே. மூன்றாவது வியாழன் லீவு போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. 5.20. வெளியே 23 டிகிரி. உள்ளே 26.

5.21. உள்ளே 22. ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன.

5.22. உள்ளே 16.

டிக்.

5.23. டிக். 5.24. டிக்... சத்தமே வராத திரை அது. நொடிக்கு ஒன்றாக எண்ணினேன். பத்து. 5.32.

என் பக்கத்தில் யாரோ காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆஞ்சலா... கடியாரத்த திருத்துனது நான்தான். உங்கிட்ட சொல்லல..."



பிறகு... டிக்.

5.31. டிக். 5.30. பின்னால் போனது. பத்து டிக்.

5.22. சரியான நேரம். உள்ளே 26.

மறுநாள் தினேஷ் வந்து திரையை லேப்டாப்பில் மாட்டினான். அதில் நடப்பதெல்லாம் உள்ளே பதிவாகுமாம்.

"நெட்டு சரியாதான்ணா இருக்கு. நீங்கதான் பட்டன அமுக்கியிருக்கீங்க. முன்னால பத்து தடவ, பின்னால பத்து தடவ."

டிராயரைத் திறந்து காட்டினேன். பாக்கெட் பிரிக்காமலே இருந்தது. போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் தினேஷ் கிளம்பிவிட்டான்.

ஏழு மாதம் ஆகிறது. வியாழன்தோறும் 5.20க்கு அந்த நாற்காலியில் உட்காருகிறேன். வாய்விட்டுக் கூப்பிட்டும் பார்த்துவிட்டேன். திரை சரியான நேரத்தையே காட்டுகிறது.