நின்ற பந்துக்கு ஒரு கோச்

என்னுடைய மனுசனை உதைபந்தாட்டக் கோச் என்று யாராவது சொன்னால் நான் உடனே திருத்திவிடுவேன். கோச் இல்லை, அரைக் கோச். அரை என்பதுகூட அதிகம். பந்து ஓடுகிற நேரமெல்லாம் அது எங்கள் கோயில் பங்குக் கழகத் தலைவரின் மருமகனுக்குச் சொந்தம். பந்து எங்கேயாவது நின்றால்தான் என் மனுசனுக்கு வேலை. மூலையிலிருந்து அடிக்கிற கோணர், பிறீ கிக், வெளியில் போன பந்தைக் கையால் எறிவது, இவ்வளவுதான். என்ன கோதாரி உத்தியோகமோ!

முழங்கால் போகும்வரை அவர் இந்தக் கரையிலேயே நல்ல ஆட்டக்காரர். கால் போனபிறகு பொடியளைப் பழக்க அவரை விட்டால் வேறு ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மருமகன் வளைகுடாவிலிருந்து வந்து இறங்கினார். அங்கே கிறேன் ஓட்டினவர். கழுத்தில் ஒரு விசில், காலில் வெள்ளைச் சப்பாத்து, போதாதா? கமிற்றிக்காரர் கூடிப் பேசி, வேலையை மீன் வெட்டுகிறமாதிரி வெட்டினார்கள். நடுத்துண்டு மருமகனுக்கு. வால் என் மனுசனுக்கு.

"மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்" என்றேன்.

"பொடியள் பாவமப்பா" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி, சண்டைக்காலம் அது. கடலுக்குப் போனால் நேவி சுடும். கரைவலை முழுக்க வாடிக் கொட்டிலுக்குள் சுருண்டு கிடந்தது. தொழில் இல்லாத ஆம்பிளையளுக்கு மிஞ்சியிருந்தது உதைபந்து ஒன்றுதான், அதனால் ஊர் முழுக்க உதைபந்தைப் பற்றியே கதைத்தது. விளையாடத் தெரியாதவர்கள்தான் கூடக் கதைத்தார்கள். போன இரண்டு வருசமும் பெருநாள் கிண்ணத்தில் பக்கத்துக் கரையிடம் தோற்றிருந்தோம். ஓடுகிற பந்தில் வாங்கிய கோல்களைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நின்ற பந்தில் நாம் ஒரு கோலும் போடவில்லையாம், அதுதான் குற்றமாம். இந்த முறையும் தோற்றால் நீர் விலக வேண்டும் என்று தலைவர் எங்கள் வீட்டுப் படலையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வந்து சொல்லும் மரியாதைகூட இல்லை.

அன்றிலிருந்து என் மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. சோற்றுக் கோப்பையில் செத்தல் மிளகாயைப் பொறுக்கி வரிசையாக வைப்பார், ஒன்றை நகர்த்துவார், யோசிப்பார். அந்த மனுசனுக்கு வேறு என்ன இருந்தது? காலும் இல்லை, கடலும் இல்லை. இந்தப் பொடியளும் போனால் வீட்டில் குந்திக்கொண்டு என் முகத்தைத்தான் பார்க்கவேண்டும்.

"இந்தமுறை ஒரு புது வித்தை வைச்சிருக்கிறன்" என்றார் ஒருநாள்.

"பாக்கத்தானே போறன்" என்றேன்.

பெண்கள் வழக்கமாக மைதானத்துக்குப் போவதில்லை. இறுதி ஆட்டத்துக்கு நான் போனேன். அவமானப்படுவதென்றால் நேரில் நின்றே படுவோம் என்றுதான்.

முதல் கோணர் எங்களுக்குக் கிடைத்தது. என் மனுசன் கோட்டோரம் எழும்பி நின்று, வெள்ளைத் துவாயைத் தலைக்கு மேல் இரண்டு தரம் சுழற்றி வலது பக்கம் இறக்கினார். மாதாவே! அது கரைவலைச் சைகை. கடல் இரைச்சலில் சத்தம் போட்டால் யாருக்கும் கேட்காது என்பதால், வலை வளைக்கும்போது மீனைப் பார்த்துக் கரையில் நிற்கிறவர் துணியை வீசித்தான் வள்ளத்துக்கும் வலை இழுக்கிறவர்களுக்கும் வழி சொல்லுவார். என் அப்பா சாகும்வரை செய்த வேலை அது. சுழற்றி வலது பக்கம் இறக்கினால் வெளியாலை போ. இடது பக்கம் இறக்கினால் உள்ளுக்கு வா. இங்கே நடக்கப் பழகின பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

பக்கத்துக் கரைப் பிள்ளைக்கும் தெரியும்! எதிர்ப்பக்கத்தில் குந்தியிருந்த அவர்களுடைய கிழடுகள் எல்லாம் எழும்பிச் சிரித்தார்கள்.

"வெளியாலை வாறாங்களடா! வெளியாலை நில்லுங்கோ!"

அவர்களுடைய பொடியள் கோலின் வெளிக்கம்பத்தடிக்குப் போய் ஆறுதலாக நின்று, வந்த பந்தைத் தலையால் தட்டி அனுப்பினார்கள். இரண்டாவது கோணரும் அப்படி. மூன்றாவதும் அப்படி. இதற்கிடையில் அவர்கள் ஒரு கோலும் போட்டார்கள். அது ஓடுகிற பந்தில்.

இடைவேளையில் சனத்தை விலக்கிக்கொண்டு கோட்டடிக்கே போய்விட்டேன். தலைவர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு மூளை எண்ட சாமான் இருக்கோ? கரைவலைக்காரருக்கு முன்னாலை நிண்டு கரைவலைச் சைகை காட்டுறியள்!"

மனுசன் துவாயைப் பார்த்தார். "ஓமப்பா. பொடியளுக்குக் கெதியா விளங்கும் எண்டுதான்..."

"ஊருக்கே விளங்குது! மாத்திச் சொல்லுங்கோ. வெளியாலை எண்டு வீசினா உள்ளுக்குப் போகச் சொல்லுங்கோ."

பொடியளைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லோரும் பெரிய கெட்டிக்காரர் மாதிரித் தலையாட்டினார்கள். மருமகன் சோடா குடித்துக்கொண்டு நின்றார். நின்ற பந்து அவருடைய பொறுப்பில்லையே.

ஆட்டம் முடியப்போகும் நேரம் ஒரு கோணர். என் மனுசன் துவாயைச் சுழற்றி வலது பக்கம் இறக்கினார். கிழடுகள் "வெளியாலை!" என்று கத்த, அவர்களுடைய பொடியள் அவ்வளவு பேரும் வெளிப்பக்கம் போனார்கள். உள்பக்கம் மாட்டுவண்டில் விடலாம், அவ்வளவு வெளி. அடித்தவன் சொன்னபடி உள்ளுக்குத்தான் அடித்தான். ஆனால் எங்கள் பொடியள்? துணி இறங்கியதும் ஒருத்தன் மிச்சமில்லாமல் வெளியாலை ஓடினார்கள்! தலையாட்டியதெல்லாம் எங்கே போனதோ. சின்ன வயதிலிருந்து அந்தத் துணிக்கு வலை இழுத்த கால்கள். பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து, துள்ளி, தன்பாட்டில் வெளியே உருண்டு போனது.

தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் கமிற்றி கூடி அவரை விலக்கியது. அந்தக் கமிற்றி வீரர்களில் பாதிப்பேர் பந்தைக் காலால் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் ஏசினேன். கமிற்றியை, மருமகனை, பொடியளை, இவரை. இவர் நொண்டி நொண்டி வந்தவர், சந்தியில் நின்றார்.

"ஒருத்தனும் நிக்கேல்லை, பாத்தனியே?"

"எதையப்பா?"

"என்ரை கையைப் பாத்தவுடனை எல்லாரும் ஓடினவங்கள்."

"பிழையான பக்கம் ஓடினவங்கள்!"

"ஓம். ஆனா ஓடினவங்கள்."

விசர் மனுசன் என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தேன்.

அடுத்த வருசம் ஓடுகிற பந்து, நின்ற பந்து இரண்டும் மருமகனுக்கே. முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வருகிற வழியில், சும்மா நிழலுக்கு என்று சொல்லி, மைதானத்து மூலையிலுள்ள பூவரசடியில் என் மனுசன் ஒதுங்கினார். எனக்கா தெரியாது? எதிரே விளையாட வந்தவர்கள் கடலில்லாத கொக்குவில் பக்கத்துப் பொடியள். மீனைச் சந்தையில் மட்டும் கண்டவர்கள்.

கோல் ஒன்றும் விழவில்லை. கடைசி நேரத்தில் எங்களுக்கு ஒரு கோணர். மருமகன் விசிலை ஊதி என்னவோ கத்தினார். பொடியள் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தனாகத் திரும்பிப் பூவரசைப் பார்த்தார்கள். என் மனுசன் இரண்டு கையையும் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வீசுங்கோவன்!"

"துவாய் இல்லையப்பா."

பூசைக்குப் போட்ட வெள்ளை முக்காட்டை உருவி அவருடைய கையில் திணித்தேன். அவர் அதை இரண்டு தரம் சுழற்றி வலது பக்கம் இறக்கினார். கொக்குவில் பொடியள் இந்த மனுசிக்கும் மனுசனுக்கும் என்ன நடந்தது என்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். எங்கடையவர்கள் வெளியாலை ஓடினார்கள். பந்து வலைக்குள் கிடந்தது.

தலைவர் ஓடிப்போய் மருமகனைக் கட்டிப்பிடித்தார். மருமகனும் வெட்கமில்லாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பொடியளுக்காகக் காத்து நின்றார். பொடியள் அவரைத் தாண்டிப் பூவரசடிக்கு ஓடி வந்தார்கள். ஒருத்தனும் நிற்கவில்லை.