அந்துருண்டை வாசத்துப் பூசை

திருச்சியில் நான் தங்கியிருக்கும் அறையில் போன வாரம் அலமாரியைத் துடைத்தபோது, மூலையிலிருந்து ஓர் அந்துருண்டை உருண்டு வந்தது. எடுத்து மோந்தேன். உடனே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசைக்கு அந்த வாசனைதான். சாம்பிராணியெல்லாம் திருவிழாவுக்கு. மற்ற ஞாயிறுகளில், டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரே நல்ல சேலையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்கள் தெருப் பெண்கள் தரையில் நெருக்கி உட்கார்ந்தால், கோயில் முழுக்க அந்துருண்டை மணக்கும்.

நடவுக் காலத்தில் மட்டும் சேறு மணக்கும். ஞாயிறென்று நாற்று காத்திருக்குமா? சாமியார் பூசையை ஐந்தரைக்கே வைத்துவிடுவார். நேற்றைய சேறு காய்ந்த சேலையோடு வந்து பூசை பார்த்துவிட்டு, அப்படியே வயலில் இறங்குவார்கள். நிலத்துக்காரர் இந்துதான். ஆனாலும் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, நற்கருணை கொடுத்துப் பூசை முடியப் போகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பார். அவர் தலை தெரிந்தால் பிரசங்கம் சுருங்கும். எனக்கு நினைவில் நிற்பவையும் அந்தக் குட்டிப் பிரசங்கங்கள்தான்.

அப்படியொரு காலையில்தான் நான் முதன்முதலாகப் பூசையில் பைபிள் வாசகம் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாவது தேறியதும், மகன் குரலைக் கோயிலில் கேட்க வேண்டும் என்று அம்மா சாமியாரிடம் போய் நின்றுவிட்டாள். ஓர் எழுத்தையும் விடக்கூடாது என்று எனக்கு வைராக்கியம். அதுதான் வினையாயிற்று. வாசகம் முடிந்ததும் "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று நான் நிறுத்த வேண்டும்; "இறைவனுக்கு நன்றி" என்று சனங்கள் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இரண்டுமே அச்சாகியிருந்தன. இரண்டையும், நடுவிலிருந்த 'எல்லாரும்' என்ற சொல்லையும் சேர்த்து, மைக்கில் அழுத்தந்திருத்தமாகப் படித்துவிட்டேன்.

கோயில் முழுக்க முக்காடுகள் குலுங்கின. சாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடவுக் கும்பலுக்குத் தலைமையான லூர்து அத்தை, வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, நாங்க சொல்ல வேண்டியதையும் நீயே சொல்லிப்புட்டா நாங்க எதுக்குடா வந்தோம்? வா, நடவையும் நீயே நட்டுக் குடுத்துட்டுப் போ."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எம் புள்ள ஒண்ணையும் விடாம படிச்சான்" என்றாள், அத்தையைப் பார்க்காமலே.

அந்துருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு வேறு கவலை. மூன்று ஊருக்கு ஒரே சாமியாராம். எங்கள் ஊரில் கூட்டமே இல்லாததால் இனி மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவாராம்.

"நீ வந்து படிச்சா நாலு சனம் வரும்டா. அதைப் பாத்தாச்சும் சாமியார் மனசு மாறும்."

திருச்சியில் என் அறையிலிருந்து கோயில் இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைக்கிறேன். கடவுளோடு யாருக்கும் சண்டையில்லை. நடவுக்கு மெஷின் வந்தது, கும்பல் கலைந்தது. லூர்து அத்தை மகனோடு திருப்பூரில் இருக்கிறாள். என்னைப் போன்றவர்கள் ஆண்டுக்கொருமுறை வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போய்வந்து, மாதாவுக்கு முகத்தைக் காட்டிவிட்டதாக நிம்மதியாக இருக்கிறோம்.

இந்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அம்மா முந்தின நாளே வீடுவீடாகச் சொல்லி வைத்திருந்தாள். வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள்; அவளையும் சேர்த்து ஒன்பது பேர், ஆளுக்கொரு பக்கமாக. நான் ஓர் எழுத்து விடாமல் படித்து, "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று நிறுத்தினேன். ஒன்றிரண்டு வாய்கள் அசைந்தன. மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. சாமியார் காத்திருந்தார். நான் மைக்கை நோக்கிக் குனிந்து, "இறைவனுக்கு நன்றி" என்று நானே சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. லூர்து அத்தை உட்காரும் தூணோரத்தைப் பார்த்தேன். அங்கே மிச்ச நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பூசை முடிந்ததும், அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு சாமியார் வண்டியைக் கிளப்பினார். அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, சேலையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். வாராவாரம் எடுக்கிற சேலைக்கு எப்போதும் ஓர் அந்துருண்டைதான் போடுவாள். அன்றைக்கு இரண்டு போட்டாள்.