சூடேறாத பெட்டி

என் மனைவி விக்னேஸ்வரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று எங்கள் மலையில் பிரிஞ்சாங் ஊர்க் காய்கறிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியட்டும். ரிங்லெட் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவரின் மகள் அவள். ஈப்போவில் இரண்டு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பதினேழு வருடமாக எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் வாக்கி-டாக்கிகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதே தோட்டத்தில் நான் கொழுந்து லோரி ஓட்டுகிறேன். பனி மூடிய வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று எனக்குச் சொல்வது அவள் கை பட்ட ரேடியோதான்.

அவள் மேசையில் ஒரு ஃபிரிகுவென்சி கவுண்டர் இருக்கிறது. ரேடியோ அனுப்பும் அலையை அதற்குள் விட்டால், சரியாக ஒரு வினாடி கதவைத் திறந்து வைத்து, நுழையும் அலைகளை எண்ணி, கதவை மூடி, எண்ணிக்கையைப் பச்சை எழுத்தில் காட்டும். அந்த ஒரு வினாடியை அளந்து கொடுப்பது உள்ளே இருக்கும் சின்னப் படிகத் துண்டு. அது சூடேறும் வரை வினாடி சரியாக இருக்காது. அதனால் காலையில் வந்ததும் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் பால் டீ குடிக்கப் போவாள். புருஷனுக்குக்கூட இந்தக் கவனிப்பு இல்லை என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

போன மாதம் ரேடியோக்களைச் சோதிக்கத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மலைக்குக் கீழேயிருந்து ஒரு கம்பெனி ஆளை வரவழைத்தார். பெயர் திருமாறன். வேனிலிருந்து தன் சொந்தக் கவுண்டரை இறக்கினார், சுவிட்சைப் போட்டார், உடனே அளக்க ஆரம்பித்தார். ஆறு ரேடியோ, ஆறும் தப்பு. டியூன் பண்ணத் தெரியாதவர் கையில் இருந்திருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வேலையை எங்களிடம் கொடுங்கள் என்றார். துரை விக்னேஸ்வரியைப் பார்த்து, இதற்குப் பதில் இல்லையென்றால் அடுத்த வாரம் முதல் நீ கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

என் ரேடியோவைக் கொடுக்கப் போய் வாசலில் நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. உன் பெட்டியில் அளந்து காட்டு என்று அவளிடம் சொன்னேன்.

"என் பெட்டில காட்டுனா என் பெட்டிதான் கோளாறும்பாங்க. அவரு பெட்டிலயே பாக்கட்டும்லா," என்றாள் மெதுவாக.

பிறகு திருமாறன் எழுதிய தாளை வாங்கிப் படித்தாள். முதல் ரேடியோவில் நாலாயிரம் அலை தப்பு. அடுத்ததில் மூவாயிரத்துச் சொச்சம். அப்படியே குறைந்துகொண்டே போய் ஆறாவதில் ஆயிரத்து ஐந்நூறு.

"சார், நம்மள மொதல்ல எடுத்தாங்களா கடைசியா எடுத்தாங்களான்னு ரேடியோவுக்குத் தெரியுமா? நீங்க எடுத்த வரிசையிலயே தப்பு கொறஞ்சிக்கிட்டு வருது. மாறுனது உங்க பெட்டி. மலைக்குளிர்ல வந்துருக்கு. அர மணி நேரம் விட்டுட்டு மொதல் ரேடியோவ மறுபடி அளங்க."

துரை கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். விக்னேஸ்வரி டீ குடித்தாள்.

அரை மணி கழித்துத் திருமாறன் அளந்தார். எண் சரியாக வந்து நின்றது. மற்ற ஐந்தும் அதேபோல் சரியாக வந்தன. நல்ல மனிதர், எழுதிய ஆறு வரியையும் தன் பேனாவாலேயே அடித்துவிட்டு, "நீங்க எவ்ளோ நேரம் சூடு பண்ணுவீங்கக்கா?" என்று கேட்டார்.

"ஒரு டீ குடிச்சி, மேசையத் தொடச்சி முடிக்கிற வரைக்கும்," என்றாள்.

துரை அந்தத் தாளில் அவள் பெயரை எழுதி, இனி எந்த ரேடியோவையும் இவளைக் கேட்காமல் தூக்கிப் போடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார். திருமாறன் வேனில் ஏறும்போது, நான்தான் அவள் புருஷன் என்று அவரிடம் சொன்னேன். சரியாகக் காதில் விழுந்ததோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.