லைக் வரிசையும் தேதி வரிசையும்

'அதே பாக்கெட். போன வாரம் ஒன்றும் ஆகவில்லை. இந்த வாரம் ஆம்புலன்ஸ்.'

முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் ஹிந்தியும் இங்கிலீஷுமாக எழுதியது. தமிழில் சொன்னது நான். தேதி, மணி, நிமிஷம் மூன்றும் என் நோட்டில் இருக்கின்றன. (தேதி போடாத கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.)

எனக்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? மச்சினன் வழியில் வந்த சம்பந்தம்!

கிரி, என் மனைவி லலிதாவின் தம்பி. சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் நவி மும்பையில் வாஷி ஃபிளாட். அண்மையில் ஒரு ஞாயிறு, மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மோர்க்குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட். இரண்டு வாய் சாப்பிட்டான்... பாத்ரூமுக்கு ஓடினான். திரும்பியவனின் சட்டை ஃபேனுக்கு அடியிலும் நனைந்திருந்தது.

"அசிடிட்டி, அக்கா."

"மூணு வாரமா ஒரே அசிடிட்டியா? என் மோர்க்குழம்பு மேல பழியைப் போடாதே!" என்றாள் லலிதா.

பால்கனியில் ஒரு பாக்கெட்டைக் காட்டி என்னிடம் மட்டும் சொன்னான்.

"ஹெர்பல், அத்திம்பேர். கஞ்சா இல்லை. ஏக்தம் சேஃப், துளி பயமில்லை. கப்பல் ஏறறதுக்கு முன்னாடி யூரின் டெஸ்ட் உண்டே, அதுல இது வராது. வெள்ளிக்கிழமை மெடிக்கல். பாஸ் ஆயிடுவேன். டென்ஷன் நக்கோ, கவலையே வேண்டாம்."

"சேஃப்னு எவன் சொன்னான்?"

ஃபோனை நீட்டினான். இதையே புகைக்கிறவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு. "இதோ, எழுதியிருக்கா பாருங்கோ."

ஹெர்பலாவது ஒன்றாவது! ஏதோ காய்ந்த இலை. அதன்மேல் லேப்பில் செய்த ரசாயனத்தைத் தெளித்திருக்கிறார்கள். மூளையில் கஞ்சா வேலை செய்யும் இடத்திலேயே, ஆனால் பல சமயம் இன்னும் மூர்க்கமாக வேலை செய்யும். தெளிப்பதும் சீராக இருக்காது. ஒரே பாக்கெட்டில் ஒரு மூலையில் தூறல், மறு மூலையில் ஜூலை மாதத்து மழை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அதே குழு! அங்கே எல்லாரும் பொய் சொல்வதில்லை. பெண்டாட்டியிடமும் டாக்டரிடமும் மறைத்ததை அந்நியர்களிடம் புட்டுப் புட்டு வைக்கிறார்கள். நெஞ்சு படபடப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டது. பெயர் அதேதான், உள்ளே இருப்பது ஒவ்வொரு தடவையும் வேறு என்று ஒருவரையொருவர் எச்சரிக்கவும் செய்கிறார்கள்.

பிறகு கிரி கண்ணில் ஏன் 'சேஃப்' மட்டும் பட்டது?

லைக்! அதிக லைக் வாங்கியது மேலே நிற்கும். வாந்தி எடுத்தவனுக்கு யார் லைக் போடுவார்கள்?

நான் என் வழக்கப்படி படித்தேன். ஓர் ஆளைப் பிடித்து, பழையதிலிருந்து புதியது வரை, தேதி வரிசையில். மூன்று மாலைகள் ஆயின. உச்சியில் நின்ற 'ஏக்தம் சேஃப்' பதிவை எழுதியவரும் அந்த ஆம்புலன்ஸ்காரரும் — ஒரே ஆள்! எல்லாம் ஐந்து மாதத்துக்குள்.

புதன்கிழமை கிரியைக் கூப்பிட்டேன். அந்த ஆள் எழுதியதை மாத வரிசையில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளை மட்டும் கொடுத்தேன்.

முதல் மாதம்: 'லீவில் மட்டும். ஏக்தம் சேஃப்.' இரண்டாவது: 'தூக்கத்துக்காகத் தினமும் ஒன்று.' மூன்றாவது: 'இது இல்லாவிட்டால் சாப்பாடு இறங்கவில்லை. வியர்க்கிறது.' நான்காவது: 'விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து புகைக்கிறேன்.' ஐந்தாவதுதான் உங்களுக்குத் தெரியுமே, ஆம்புலன்ஸ்.

"இவன் வாஷியா, அத்திம்பேர்?"

"ஊர் போடலை."

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "நாலாவது லைன்... எனக்குப் போன வாரம் வந்துடுத்து."

தாளை நாலாய் மடித்தான். பிறகு அவனேதான் ஆரம்பித்தான். "டாக்டர்கிட்ட சொன்னா கப்பல் போயிடும். சொல்லாட்டா கப்பல் கிடைக்கும். ஆனா நடுக்கடல்ல, இன்ஜின் ரூம்ல ஃபிட்ஸ் வந்தா..."

"கப்பல் அடுத்த மாசமும் வரும். தம்பி எனக்கு ஒருத்தன்தான்." காபி டம்ளர்களோடு லலிதா! "என்ன முழிக்கறேள் ரெண்டு பேரும்? அந்தப் பால்கனிக் கதவு சாத்தாதுன்னு எத்தனை வருஷமா சொல்றேன், ரிப்பேர் பண்ணினேளா? ஞாயித்துக்கிழமையே எல்லாம் காதுல விழுந்தாச்சு!"

வெள்ளிக்கிழமை. யூரின் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. பாஸ்! கையெழுத்துப் போட டாக்டர் பேனாவை எடுத்தபோது கிரி வாயைத் திறந்தான்.

தற்காலிகமாகத் தகுதியில்லை என்று எழுதி, இந்தப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். நிறுத்தும்போதும் உடம்பு முரண்டு பிடிக்கும் என்பதால் சில நாள் ஆஸ்பத்திரி. கப்பல் கிரி இல்லாமலே கிளம்பியது.  வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நடந்ததை முழுக்க அந்தக் குழுவில் எழுதினான்... தேதிகளோடு! லைக் இரண்டு. ஒன்று, இதற்காகவே கணக்கு ஆரம்பித்து லலிதா போட்டது.

முதல் பதில் என்ன தெரியுமா? 'எந்த பிராண்ட், பாய்? எங்கே கிடைக்கும்?'

அடுத்தது: 'நானும் கப்பல்தான். திங்கள்கிழமை மெடிக்கல். சொல்லட்டுமா?'

'சொல்லு' என்று கிரி ஒரு நிமிஷத்துக்குள் பதில் போட்டான். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. இரண்டு திங்கள்கிழமைகள் போய்விட்டன. கிரி தினமும் போய்ப் பார்க்கிறான்.

நோட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: அந்த ஆள் டாக்டரிடம் சொன்னாரா, சொல்லாமலே கப்பல் ஏறினாரா — இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.